பார்த்ததை மட்டும்

‘சோகமாக இருந்தான்’ என்று எழுதியிருந்தேன்.
பச்சை மையில் ஒரு கோடு.
சோகத்தைப் பார்த்தீர்களா, லோர்னா?
கண்ணில் பட்டதை எழுதுங்கள்.
ஹெஸ்கெத்துக்கு இருபத்தாறு வயது.
எனக்கு நாற்பத்தேழு.
ஆனாலும் கோடு கோடுதான்.

திருத்தினேன்:
டோபின், இரண்டு வயது ஏழு மாதம்.
காலை 9.10. கதவருகே தரையில் இருக்கிறான்.
ஒரு ஷூ காலில், இன்னொன்று கையில்.
9.14. கதவு திறக்கிறது. நிமிர்கிறான்.
வந்தது சமையல்கட்டுப் பெண்.
9.21. ஷூவின் நாக்கை வாயில் வைக்கிறான்.
யாரையும் கூப்பிடவில்லை.

ஓரத்தில் ஒரு சின்ன ‘சரி’.

இருபத்திரண்டு வருடம் மீன் அறுத்த கை இது.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில், ஐஸ் கொட்டிய மேசையில்,
ஹாடக்கின் முதுகெலும்பைக் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுவிடும்.
இப்போது ஒரு பொம்மைக்கு டயப்பர் மாற்றிப் பழகுகிறது:
ஏப்ரன். கையுறை. பெயர் சொல்லிக் கேள்.
முன்னிருந்து பின்னாகத் துடை.
ஒரு கை எப்போதும் குழந்தை மேல்.
இந்தக் கடைசி வரியை மட்டும்
நான் படிக்க வேண்டியிருக்கவில்லை.

பிரிஜ் கதவு முழுக்க ஒவ்வாமைச் சீட்டுகள்.
மார்னிக்கு முட்டை ஆகாது.
இரட்டையரில் ஒருத்திக்குப் பால் ஆகாது,
எந்த ஒருத்தி என்பதில்தான் இருக்கிறது உயிர்.
‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று
குழந்தைக்கு வாக்குக் கொடுக்காதே.
கவலைப்படும்படி எதையாவது கண்டால் யாரிடம் சொல்வாய்?
பெயர், பொறுப்பு, தொலைபேசி எண்.
மூன்றும் தலைகீழ்ப் பாடம்.

நாளை ஒன்பதரைக்கு ஹெஸ்கெத்
குட்டி நாற்காலியொன்றில் முட்டி மடக்கி உட்கார்ந்து
என்னை எழுதுவாள்:
லோர்னா. 9.30. கை கழுவுகிறாள். இருபது நொடி.
மீன் வாடை இன்னும் போகவில்லை என்று
நான் நினைத்துக்கொண்டே கழுவுவதை
அவளால் எழுத முடியாது.

இன்றிரவு இன்னொரு முறை பழக வேண்டும்.
குழந்தைக்கு எங்கே போவது?
ஜன்னலோரம் ரஸ்ஸல் இருந்தான். சரி, இவனே ஆகட்டும்.

ரஸ்ஸல், ஐம்பத்தொரு வயது மூன்று மாதம்.
இரவு 8.40. டிவி ஓடுகிறது. முகம் ஜன்னல் பக்கம்.
8.46. கோப்பையை எடுக்கிறான். வைக்கிறான். குடிக்கவில்லை.
8.52. கட்டைவிரலால் மற்ற விரல்களை
ஒவ்வொன்றாகத் தொடுகிறான், எதையோ எண்ணுவது போல
‘போல’வை அடித்தேன்.
தொடுகிறான்.
8.57. வெளியே ஒரு வேன் நிற்கிறது. நிமிர்கிறான்.
வேன் போகிறது.
9.03. வேலைக்குப் போடும் ஜாக்கெட் கதவுக் கொக்கியில்.
ஐஸ் ஆலையை மூடி ஐந்து மாதம் ஆகிறது.
இல்லை, அது கண்ணில் பட்டதல்ல. அடித்தேன்.

இத்தனை நாள் அவனுக்கென்று நான் வைத்திருந்த சொற்கள்:
சோம்பல். வீம்பு. வாயைத் திறந்தால் கடிப்பான்.
எல்லாமே பச்சைக்கோடு வாங்கும்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்: அடுத்த படி.
டோபினுக்கு எழுதியிருந்தேன்,
பக்கத்தில் தரையில் உட்காரவும்.
ஷூவைப் பற்றிப் பேசவும்.
கேள்வி வேண்டாம்.

காய்ச்சல் அளவுகளை இன்னும் பார்க்கவில்லை.
தீ அலாரம் அடித்தால் எந்த வாசல் என்பதும் பாக்கி.
பேனாவை மூடிவிட்டு
அவன் நாற்காலியடியில் போய் உட்கார்ந்தேன்.
முட்டி சத்தம் போட்டது.
‘அந்த ஜாக்கெட்டுல ஜிப் பிஞ்சிருக்கு’ என்றேன்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
‘மார்ச்சுலயே பிஞ்சுது’ என்றான்.

9.16. கோப்பையை எடுக்கிறான்.
குடிக்கிறான்.
ஆறிப்போயிருக்கும்.
ஊகம். அடிக்கவும்.