ஐந்துக்கு மூன்றரை

மழை ஊரில் ‘ஏழு குடைகள்’ என்று
ஓர் இசைக்குழு இருந்திருக்கிறது.
வூப்பர்டாலில் பெயருக்குப் பஞ்சம் போலும்.
எழுபத்து நான்கில் ஒரே ஓர் இசைத்தட்டு, முந்நூறு பிரதி.
அதில் இருநூறு யாருடைய நிலவறையிலோ
வெள்ளம் புகுந்து
உறையோடு உறை ஒட்டிப் போயிற்றாம்.
நனையாமல் தப்பியதில் ஒன்று
பார்மென் சந்தையில் நான்கு யூரோ,
ஒரு பொரிசட்டிக்கும்
கைப்பிடி இல்லாத சூட்கேசுக்கும் நடுவில்.

உறையில் ஒரு குடைகூட இல்லை.
கழுதை ஒன்று. பின்னால் இரண்டு புகைபோக்கி.
வரைந்தவருக்குக் கழுதையின் காது கைவரவில்லை.

பகலில் நான் பல் செய்கிறவள்.
மெழுகு, பீங்கான், முகம் தெரியாதவர்களின் கடி.
இரவில் இருநூறு சொல்லில் தீர்ப்பு,
ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று.
ஆசிரியர் டெட்லெஃப் ஒவ்வொரு முறையும் சொல்வார்:
யாரைப் போல் இருக்கிறது, முதல் வரியில் போடு.
யாரைப் போலும் இல்லாததால்தானே ஐயா
முந்நூறோடு நின்றது.

முதல் பக்கம் மூன்று பாட்டு, விட்டுவிடலாம்.
குழல்காரர் மூச்சு வாங்குவது
குழலைவிட நன்றாகக் கேட்கிறது.
பறக்கும் நாகத்தைப் பற்றிய வரிகளில்
பாடுகிறவருக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே துண்டு.
பத்தொன்பது நிமிடம். ஏழு எண்ணிக்கை.
அவர்கள் எப்படி எண்ணினார்களோ,
நான் தகிட தகதிமி என்று எண்ணினேன்,
தொங்கு ரயிலில், ஆற்றுக்கு மேலே ஆடிக்கொண்டு,
முழங்காலில் விரல் தட்டி.
எதிரே ஒரு சிறுவன் என் விரலையே பார்த்தான்.
பிறகு அவனும் தட்டினான்.
இறங்கும்வரை அவனுக்கு ஆறுதான் வந்தது.

பதினோராம் நிமிடத்தில் அது நடக்கிறது.
மெல்லோட்ரான் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கையில்
அந்தச் சுரம் தாழ்கிறது,
அரைக்கால் அளவுகூட இல்லை,
கொடியில் ஈரப் போர்வை
தன் கனத்தைத் தானே உணர்வதுபோல.
பிறகு ஏறிவிடுகிறது.
ஊசியை எடுத்து எடுத்து வைத்தேன்.
“தட்டு பழுதெண்டு நினைக்கிறன்”
என்றார் சோபாவிலிருந்து அத்தான் சிவகடாட்சம்,
கண்ணைத் திறக்காமலே.

எழுதினேன்:
ஒரு தலைமுறையின் நம்பிக்கை தளரும் கணத்தை
இத்தனை நுட்பமாக இசைத்தவர் இல்லை.
மூன்று நட்சத்திரம் என்றிருந்தேன்.
அந்த வாக்கியத்தை எழுதிய மகிழ்ச்சியில்
அரை கூட்டினேன்.

இதழ் வந்து மூன்றாம் வாரம் தொலைபேசி.
ஹார்ட்முட் க்ளெப்பிங், அந்தக் குழுவில் ட்ரம்ஸ்,
அப்புறம் கூரைத் தகடு வியாபாரம்,
இப்போது அதையும் மகளிடம் விட்டாயிற்று.
ஐம்பது வருடத்தில் இது இரண்டாவது விமர்சனமாம்.
முதலாவது ‘நீளம்’ என்பதோடு முடிந்துவிட்டது.
நன்றி என்றார். இருமினார்.
பிறகு, அந்த இடம் இருக்கிறதே, என்றார்.
கீழே சாயப்பட்டறை.
நாங்கள் வாசிக்கும்போது பெரிய தொட்டியை ஓட்டிவிட்டார்கள்.
மின்சாரம் இறங்கியது,
பெட்டிக்குள் நாடா மெதுவாயிற்று.
திரும்பப் பதிவு செய்யக் காசில்லை.

அப்படியானால் நம்பிக்கை, என்று இழுத்தேன்.
அது தெரியாது, என்றார். பசித்தது.

டெட்லெஃப் திருத்தம் போடலாம் என்கிறார்.
எதைத் திருத்துவது?
சுரம் தாழ்ந்தது உண்மை.
நான் ஊசியை எடுத்து வைத்தது உண்மை.
அரை நட்சத்திரம் யாருக்குச் சேரும்
என்பதில் மட்டும் குழப்பம்.
பட்டறை மூடி நாளாயிற்று,
மேலே இப்போது யோகா வகுப்பு.

நேற்று இரவு மறுபடி போட்டேன்.
பதினோராம் நிமிடத்தில்
அடியில் ஏதோ சுழல்கிறது, ஈரமாக, கனமாக.
முன்பும் கேட்டதா, சொன்னபின் கேட்கிறதா,
சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்று தொட்டியில் என்ன நிறம்
என்று அவரிடம் கேட்க மறந்துவிட்டேன்.