பழைய நாடாளுமன்றம், காலிமுகத்திடல்

குடையை வாங்கி வைத்து
நாற்பத்தொன்று என்றொரு தகடு தந்தார்கள்.
நிலூஷிகா சிங்களத்தில் காட்டிக்கொண்டு போனாள்;
மன்னார் லெம்பேட்டின் காதில்
நான் தமிழாக்கினேன்:
இது செங்கோல் கிடந்த மேசை,
இது சபாநாயகர் கதிரை,
மணி அடித்தால் வாக்கெடுப்பு.

"பேசாமல் இருந்தவையை என்ன செய்வினம்?"
கேட்டுச் சொன்னேன்:
அவர்களையும் எண்ணுவார்களாம்.

யன்னலில் கடல். புல்வெளியில் பட்டங்கள்,
இறால் வடை வண்டில்.
லெம்பேட் வெகுநேரம் பார்த்தார்.
"ஐம்பத்தாறில எங்கட அப்பு அடிவாங்கினது
எந்தப் பக்கமெண்டு
கேளுமன்."

நிலூஷிகா புன்னகையோடு காத்து நின்றாள்.
"கழிவறை எங்கே என்கிறார்," என்றேன்.

இடப்பக்கம் கைகாட்டினாள்.
புல்வெளியின் இடப்பக்கம் திரும்பி
லெம்பேட் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே மழை.
சட்டைப்பையில் இன்னும்
நாற்பத்தொன்று.