மூன்றாவது 'முடியும்'

காலை ஒன்பதுக்கு, செக்காலை ரோட்டு மாடியறையில்
எழுந்து நின்று மூன்று தடவை சொல்ல வேண்டும்:
என்னால் முடியும்.
மூன்றாவது 'முடியும்' எப்போதும்
தேவகோட்டை பஸ் ஹாரனில் போய்விடும்.
மேனேஜர் செபஸ்தியான் அதற்கும் கைதட்டுவார்.

பிறகு நான், ஸ்கூட்டி, காலடியில் மாதிரி ஃபில்டர்,
பள்ளத்தூர்.

தெருவில் ஒன்பது வீடு. ஆறு பூட்டு.
பூட்டுக்குத் தாகம் எடுக்காது.
ஏழாவதில் நாய். எட்டாவதில்,
"கேன் தண்ணி போடுறவன் இருக்கான்மா."
அந்த மாதிரிச் சொல்லையெல்லாம் பையில் போட்டுக்கொண்டுதான்
இத்தனை நாள் அடுத்த வாசல் ஏறினேன்.
மணியை அடிக்கும் முன்பே
முகம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடும்.

கணக்கு எழுதிப் பழகின ஊர் இது.
நானும் பி.காம்.
சித்திரை வெயிலில், வேர்வையைத் துடைத்தபடி
புதுப் பேரேடு ஒன்று திறந்தேன்:
எட்டாம் வீட்டு 'இல்லை' எட்டாம் வீட்டுப் பற்று.
ஒன்பதாம் பக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.
ஒன்பதாம் கதவு
தேக்கு, பித்தளைக் குமிழ், யானை நுழையும் அகலம்.
அது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அதை மட்டும் நினைத்தேன்.
வேறு நல்லது எதுவும் நினைக்க வரவில்லை.

திறந்தவள் கையில் மாவு.
"எங்களுக்கு வேண்டாம்."
பற்றெழுதி, சிரித்து, படியிறங்கி
ஸ்டாண்டைத் தள்ளும்போது கூப்பிட்டாள்:
"கோட்டையூர்ல என் நாத்தனா வீட்டுல
தண்ணி ஒரே உப்பு. நம்பர் தரவா?"

வெள்ளிக்கிழமை, பலகையில் என் பெயர்
கடைசியிலிருந்து நாலாவது.
"எப்படி வள்ளிக்கண்ணு?" என்றார் செபஸ்தியான்.
"மூணாவதைக் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன் சார்."

வெளியே பஸ்.