மதியம் ஒன்றரை

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தான்களோடு நான்.
அந்தப் பக்கம் ஒதிலியா கார்க்கமோ,
விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறையில்
தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பாள்.
சிலியின் தென்கோடியில் மணி ஒன்றரை.
தொலைபேசிக் கம்பி எட்டாத பள்ளத்தாக்குகளில்
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கைகள் நிற்கும்.

"கருங்குளத்துப் பண்ணை, மான்சிய்யா குடும்பத்துக்கு:
புதன்கிழமைப் படகில் மாவு வருகிறது, இரண்டு மூட்டை."
"எர்மெலிந்தாவின் தகப்பனாருக்கு:
பெண் குழந்தை. தாய் நலம். பணம் அனுப்பவும்."
"எங்கிருந்தாலும் ரெனே ஓயார்சோவுக்கு:
பல் டாக்டர் வந்துவிட்டார்."

மாவுக்கும் சாவுக்கும் ஒரே குரல்.
நான் முந்தி அழுதுவிட்டால்
கேட்கிறவனுக்கு என்ன மிச்சம் என்பாள்.
ஆனால் சாவுச் செய்திக்கு முன்னால்
ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள்.
தம்ளர் மேசையைத் தொடும் அந்தச் சின்ன ஓசையை
ஏழு பள்ளத்தாக்குகளும் படித்து வைத்திருந்தன.
அதை வெட்டச் சொன்னார் நிர்வாகி.
நான் வெட்டவில்லை.

ஒரே ஒரு தாளை அவள் வாசிக்காமல் விட்டாள்.
"அபெலார்தோவுக்கு: வியாழனன்று
குதிரையோடு வர வேண்டாம். நான் வரவில்லை. நொர்மா."
இதை ஊர் முழுக்கவா கேட்கணும் என்று
நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆற்றுத்துறையில்
சேணம் பூட்டிய இரண்டாவது குதிரையோடு
இரண்டு ராத்திரி நின்றிருக்கிறான்.
ஜூலை மாதம். பனி.
கால்விரல் மூன்று போயிற்று.

பிறகு நிலையத்துக்கு வந்தான், விந்தி விந்தி.
கத்துவான் என்று எழுந்து நின்றேன்.
சில்லறை எண்ணிவைத்துச் செய்தி ஒன்று கொடுத்தான்:
"நொர்மாவுக்கு: குதிரையை விற்றுவிட்டேன்."
அன்று மதியம் அதை வாசித்தாள், பெயரோடு, தேதியோடு.
குதிரை என்ற சொல்லில் குரல்
கல் தடுக்கியது போல ஒரு கணம். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எதையும் விட்டதில்லை,
விட்டிருக்க வேண்டியதைக்கூட.
எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சில்லை.

கோபுரங்கள் வந்தன, கைபேசி வந்தது.
தாள்கள் மூன்றாயின, ஒன்றாயின,
அந்த ஒன்றும் யாரோ கடனைத் திருப்பிக் கேட்டு.
முப்பத்தோரு வருடம் முடித்தவளுக்கு மேயர் தந்த
பித்தளைப் பலகையில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
திருத்த வேண்டாம் என்றாள்,
காதால் கேட்டு எழுதியிருப்பார்கள், பாவம்.

போன வாரம் சந்தையில் பை தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.
வெங்காயம் என்ன விலை என்றாள் ஒதிலியா.
முன்னால் நின்ற பெண் திரும்பாமலே உறைந்தாள்.
பிறகு மெல்லத் திரும்பி,
"என் அம்மா செத்தது உங்கள் குரலில்தான்" என்றாள்.

ஒதிலியா என்னைப் பார்த்தாள்,
பொத்தானை அணைத்துவிடமாட்டேனா என்பது போல.
கையில் தாள் இல்லை. தண்ணீர் இல்லை.
அந்தப் பெண் நகரவில்லை,
அடுத்த செய்திக்குக் காத்திருக்கும் முகத்தோடு
நின்றுகொண்டே இருந்தாள்.

"கிலோ எண்ணூறு பெசோவாம்" என்றாள் ஒதிலியா,
அதே குரலில்.