கோப்பாயில் நிற்கும் வண்டி

கஜீபன்,
நீர் அனுப்பின படங்களைப் பாத்தன்.
சுப்பர்சார்ஜர் வேண்டாம்.
காரணம் கடைசியில சொல்லுறன்.
முதல் தண்ணிக் கதை.

உம்மட கிணத்துத் தண்ணியைக் கேத்திலில கொதிக்க வைச்சுப் பாரும்,
அடியில வெள்ளை ஓடு கட்டும்.
சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால ஊறி வாற தண்ணி.
குடிக்கலாம், வெங்காயத்துக்கு விடலாம்.
ரேடியேற்றருக்கு விடேலாது.
உம்மட மச்சான் ஒரு செம்பு விட்டவராம்.
கழுவி எடுக்க எனக்கு ரெண்டு நாள்.
வடிச்ச தண்ணி போத்தலில விக்குது,
அதில பாதி, கூலன்ற் பாதி.
மச்சானிட்டைச் செம்பைக் குடுக்காதையும்.

வெள்ளிக்கு வெள்ளி பத்து நிமிசம் ஸ்ராட் பண்ணச் சொன்னீர்.
சூடேறாத எஞ்சினுக்குள்ள ஈரம் தங்கும்,
ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும்.
ஒண்டில் ஒழுங்கா ஓட்ட வேணும்,
இல்லாட்டிப் பற்றறியைக் கழட்டிப்போட்டு
நித்திரை கொள்ள விட வேணும்.
அரைகுறையா எழுப்பக் கூடாது.

குருநகரில நான் திறக்கிறதெல்லாம் படகு எஞ்சின்,
பதினைஞ்சு குதிரை, இருபத்தைஞ்சு குதிரை.
உம்மட கொட்டிலுக்குள்ள நானூற்றைம்பது நிக்குது,
புல்லுக் கேக்காமல்.

பொனற்றைத் திறந்தால்
ஒரு மரநாய் என்னைப் பாத்துக்கொண்டு கிடந்தது.
வயரைக் கடிச்சது எலி.
எலிக்கு வந்தது மரநாய்.
வயருக்கு உறை போட்டிருக்கிறன்,
ரெண்டு பேருக்கும் சொல்லிப்போட்டன்.

ஸ்பிரிங்கை ஒன்றரை இஞ்சி இறக்கக் கேட்டீர்.
உம்மட ஒழுங்கை மதகில
இப்பவே முன் உதடு தட்டுது.
சைலன்சரைக் கழட்டினால் சத்தம் வரும்,
பொலிஸ் வரும்,
வேகம் வராது.

பெற்றோல் தொண்ணூற்றைஞ்சு. அது முடிஞ்சுதெண்டால்
செட்டில ஆக்களோட கதைச்சுக்கொண்டு நில்லும்.
தொண்ணூற்றிரண்டை ஊத்திப்போட்டு மிதிச்சால்
உள்ளுக்க ஆரோ தகரத்துக்குக் கல்லெறியிற மாதிரிக் கேக்கும்.
அந்தச் சத்தம் எனக்கு விருப்பமில்லை.

இப்ப காரணம்.

ஒயில் சூடாக வேணுமெண்டு
புதன்கிழமை விடிய நாலரைக்கு எடுத்தன்.
பண்ணைப் பாலம். ரெண்டாம் கியர். நாப்பது.
மீன்பெட்டி கட்டின மோட்டச்சைக்கிள் ஒண்டு
பக்கத்தில வந்து,
கண்ணாடியைத் தட்டி,
'அக்கா, ஏதும் பழுதோ?' எண்டு கேட்டுது.
பிறகு என்னை முந்திப் போட்டுது.

ஒருக்கா மிதிச்சன்.
ஒருக்காத்தான்.
சிறகுவலைத் தடிகளில நிண்ட கொக்குகள் எழும்பேல்லை,
எழும்ப நேரம் இருக்கேல்லை.
மீன்பெட்டிக்காரன் எப்ப பின்னால போனானோ தெரியாது.
வயித்துக்குள்ள ஒரு கதவு திறந்து
மண்டைதீவுச் சந்தியில சாத்துப்பட்டுது.
காலை எடுத்தன்.
பிறேக்கை அமத்தேக்க ஸ்ரேறிங் கிடந்து நடுங்குது,
நான்தான் நடுங்கிறனெண்டு முதல் நினைச்சன்.
ரெண்டும்தான்.

பதினொரு மாசம் ஒரே இடத்தில நிண்டு
டிஸ்க் ஊத்தை பிடிச்சுப் போச்சு.
பிறேக் ஒயில் இந்தக் காத்து ஈரத்தைக் குடிச்சு
கறுத்துக் கிடக்குது.
சுப்பர்சார்ஜர்க் காசில
முன்னுக்குப் பெரிய டிஸ்க் ரெண்டு, நல்ல பாட் ஒரு செற்,
டயர் நாலு அனுப்பும்.
கடற்காத்தில ஓடினதால அண்டைக்கே
கீழ்ப்பக்கம் முழுக்கக் கழுவினனான்,
படகு எஞ்சினுக்குக் கழுவுற மாதிரி,
கழுவினதும் துணியால ஒத்தி எடுத்தனான்.

மீற்றரில முப்பத்தொரு கிலோமீற்றர் கூடக் காட்டும்.
ஒயிலுக்குத் தேவை இருபது.
மிச்சம் பதினொண்டை
என்ர கூலியில கழிச்சுக்கொள்ளும்.

மெற்றில்டா