ஒன்பதாவது மீட்டர்

ஜூலை இருபத்திரண்டு, காலை ஆறேகால்.
அலுமினியப் படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றி
எய்லி கங்காஸ் கேபிளை இறக்குகிறாள்.
மீட்டருக்கு ஒரு கறுப்பு நாடா.
நாடா விரலில் தட்டும்போதெல்லாம் நிறுத்தி
எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து
பென்சிலால் எழுதுகிறாள்.
மின்னசோட்டாக் குளிரில் பேனா மை உறைந்துபோன காலத்துப் பழக்கம்;
இன்றைக்கு உறைய எதுவுமில்லை.

மேற்பரப்பு இருபத்தேழு புள்ளி நான்கு.
மூன்று மீட்டரிலும் அதே.
ஐந்திலும் ஏறக்குறைய அதே,
யாரோ குளித்துவிட்டுப் போன தொட்டி.
ஏழில் இருபத்துமூன்று.
எட்டில் பத்தொன்பது. அங்கே மூச்சு ஒன்றரை.
ஒன்பதில் குளிர்கிறது, பதினான்கு.
மூச்சு சுழி.

மூச்சு என்று அவள் எழுதவில்லை.
படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு
லிட்டருக்கு மில்லிகிராம் என்று பெயர்.

புத்தகத்தில் சிஸ்கோ, கரண்டி ஏரிக்காரர்களுக்குத் தல்லிபீ.
வெள்ளித் தகடு போன்ற விலா, முழங்கை நீளம்.
பனிப்பாறை பின்வாங்கும்போது மறந்துவிட்டுப் போன குளிரில் தங்கி
பத்தாயிரம் கோடைகளை
ஏரியின் நடு அறையில் கழித்த மீன்.
மேலே வெயில்.
கீழே, இலையும் பாசியும் அழுகி மூச்சைத் தின்னும் சேறு.
நடுவில் ஓர் அறை இருந்தது.
ஜூன் தொடக்கத்தில் அதன் உயரம் நான்கு மீட்டர்,
ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கலாம்.
மாதக் கடைசியில் குனிந்து நடக்கலாம்.
ஜூலை எட்டாம் தேதி, படுத்துக்கொண்டால் இடமுண்டு.
இன்று கூரையும் தரையும் ஒட்டிக்கொண்டன.

இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்லிவிடலாம்தான்.
ஆனால் எறும்பின் குச்சி எரிவது
அடுப்பருகே நிற்பவருக்குத் தெரியும்.
இங்கே ஏரி
நாட்காட்டிக்குப் படம் எடுக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் மாலை மேல்காற்று திரும்பியது.
வாடகைக் குடிலில் தங்கியிருந்த ஒமாஹா பையன்
துறையில் நின்று எண்ணத் தொடங்கி
அறுபத்தொன்றில் உட்கார்ந்துவிட்டான்.
விடிந்தபோது கீழ்க்கரை முழுக்க வெள்ளை.
கடற்காகங்கள் கண்களை மட்டும் கொத்திவிட்டு
மிச்சத்தை வேண்டாமென்று போயின.

குடில்களின் சொந்தக்காரன் வெர்ன் ஸ்டென்ஸ்ருட்
அவள் வாசலில் வந்து நின்றான், சட்டைக் காலரால் மூக்கை மூடிக்கொண்டு.
"யார் எதைக் கொட்டினார்கள்?
பெயரைச் சொல், வழக்குப் போடுகிறேன்."
அவள் தாளை நீட்டினாள்.
ஆழம், வெப்பம், ஆக்சிஜன்.
பெயருக்கு அதில் கட்டமில்லை.
அவன் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான்.

பிறகு கொட்டகையைத் திறந்து
பனி அள்ளும் மண்வாரிகள் இரண்டை எடுத்துவந்தான்.
ஜனவரியில் வாசலை வழிக்கிற அதே அகலத் தகடு,
பிடியில் சென்ற குளிர்காலத்தின் உப்பு வெளுப்பு இன்னும் இருந்தது.
இருவரும் பேசாமல் அள்ளினார்கள்.
எடை பனிக்கட்டியைவிடக் குறைவு.
அள்ளுகிற ஓசை மட்டும் வேறு,
அதை எழுத அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை.
'குறிப்புகள்' என்ற வரியில்
நாற்றம் என்று எழுதி, அழித்து,
பதினொரு டிராக்டர் பெட்டி என்று எழுதினாள்.

ஏரி உறைய டிசம்பர் கடைசியாகிவிட்டது.
ஆள் தாங்கும் கனம் வந்ததும்
துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து,
ஒலிமானியைத் தண்ணீருக்குள் விட்டாள்.
முன்பெல்லாம் பதினொன்றாவது மீட்டரில்
திரைக்குக் குறுக்கே தடித்த பட்டை ஓடும்;
கருவி பழுதென்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள்,
அவ்வளவு மீன்.

இன்று திரை சுத்தம்.
உணர்திறனைக் கூட்டவா என்று கருவி கேட்டது.
கூட்டினாள்.
மறுபடி கேட்டது.
மூன்றாம் முறை, பதினொன்றில்,
மெல்லிய ஒரு கோடு.
மூச்சைப் பிடித்துக்கொண்டு தூண்டில் கயிற்றைச் சுண்டினாள்.
கோடும் சுண்டியது.
இழுத்தாள்.
கோடு மேலே ஏறி, ஏறி,
ஈயக்குண்டாக அவள் கையுறையில் வந்து விழுந்தது.