நூற்று நான்கு சதவீதம்

தாளில் இந்த வார்டு நூற்று நான்கு சதவீதம்.
பட்டியலில் இருநூற்றைம்பது பிள்ளைகள்,
சொட்டு மருந்து குடித்தவர்கள் இருநூற்று அறுபது.
"கூடத்தானே இருக்கு, நல்லதுதானே" என்றார் மேற்பார்வையாளர்
டீயை ஆற்றிக்கொண்டே.
அந்தப் பத்துப் பேர் யாரென்று பார்க்கத்தான்
எனக்குத் தினக்கூலி.

மேலப்பாளையம். முகாம் முடிந்த மூன்றாம் நாள்.
கதவுதோறும் சாக்கட்டியில் வீட்டு எண், தேதி, ஓர் அம்புக்குறி.
அம்பு காட்டிய பக்கமே போனேன்,
அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு.
இடது கைச் சுண்டுவிரல் என்றால்
பிள்ளைகள் பத்து விரலையும் நீட்டுகின்றன.

பீடித்தட்டை மடியிலிருந்து இறக்காமலே
செய்யது அலி பாத்திமா சொன்னாள்:
"இவனுக்கு ரெண்டு மட்டம் குடுத்தாவ.
வீட்டுல ஒருக்க, பஸ் ஸ்டாண்டுல ஒருக்க.
நான் சொல்லுததுக்குள்ள வாயத் தொறந்துட்டாம்லா."
ஒன்று கிடைத்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

பாளையங்கால்வாய் வந்ததும் அம்புகள் நின்றுவிட்டன.
அக்கரையில் தார்ப்பாய் போட்ட ஏழு வீடு.
தாளில் அக்கரையே இல்லை.
பகலில் நாய்தான் இருந்தது. ஏழு மணிக்குத் திரும்பப் போனேன்.

முப்பிடாதியின் முழங்கைவரை சிமெண்டு.
"ஞாயித்துக்கிழம கான்கிரீட்டு. இருட்டுல போயி
இருட்டுலதான் வந்தேன். என்னைக்குக் குடுத்தாவ?"
ஆனால் மகள் சுண்டுவிரலை நீட்டினாள்.
ஊதா மை.
தூளியில் கிடந்த தம்பிக்கும் ஊதா மை,
அவனுக்குக் கட்டைவிரலில்.

ஈரத்துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். அது விதி.
தேய்த்தேன்.
துணிக்கு வந்துவிட்டது.

"அந்தப் பக்கத்துப் பிள்ளைய எல்லாத்துக்கும் இருந்துச்சு"
என்றாள். குப்பையில் எடுத்த ஸ்கெட்ச் பேனா,
மூடி இல்லாதது, பாயடியில் இருந்தது.

ஏழு வீட்டில் பதினொரு பிள்ளைகள்.
சொட்டு விடாத காரணம் எழுத மூன்று கட்டங்கள்:
மறுத்தார், வெளியூர், நோய்.
மூன்றையும் விட்டுவிட்டு
நர்ஸ் ஜெபசெல்விக்குப் போன் போட்டேன்.
காலையில் ஆறுக்குள் ஐஸ் பெட்டியோடு வாங்க,
ஆறரைக்கு இவர்களை ஏற்ற லாரி வந்துவிடும்.
அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு, பிறகு "சரி".
நாளை என் வார்டு நூறுக்குக் கீழே இறங்கும்.
ஏன் குறைத்தாய் என்று கேட்பார்கள்.

அவளோ வெளுத்த விரலை இன்னும் மடக்கவில்லை.
அழித்ததைத் திரும்பப் போட்டுத்தா என்று
நீட்டிக்கொண்டே நிற்கிறாள்.
என் பையில் பேனா இருக்கிறது.
மருந்து இல்லை.